அசல் பீரோவில், நகல் வேலையில்

மலர்க் குழுவினர் போன் செய்து, "கல்லூரி நினைவுகள் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் அரியர் பேப்பர்களைப் பற்றியும் எழுத எங்கள் பேட்ச்சிலேயே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் ஒரு சி.டி.யின் கதையை எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேருக்கு ஒரு நகல் எடுத்து வைக்கும் வழக்கம் எப்படி வந்தது, எப்படிச் சட்டத்தில் இடம் பிடித்தது, இப்போது எப்படி நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது என்ற வரலாறும் அதோடு சேர்ந்து வரும். மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனமாகவே படிக்க வேண்டும்.

2008ல் படிப்பை முடித்தேன். சொந்த ஊர் ஆவூர். வீட்டிலிருந்தே போய்வர வசதியாக, மாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன பேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை கிடைத்தது. திருச்சியைச் சுற்றியுள்ள பல யூனிட்டுகளைப் போல அதுவும் பாய்லர் வேலைகளை நம்பியே ஓடியது. கெட்டியான இரும்பு பிளேட்டுகளை வரைபடத்துக்கு ஏற்ப வெட்டித் தர ஒரு சி.என்.சி. கட்டிங் மிஷின் இருந்தது. அதற்கு ஒரு நெஸ்டிங் சாப்ட்வேர். ஒரு துணியில் எத்தனை ரவிக்கை வெட்டலாம் என்று தையல்காரர் மனக்கணக்குப் போடுவார் அல்லவா, அந்தக் கணக்கை இரும்புக்குப் போடுவதுதான் நெஸ்டிங். முதலாளி பேங்க் லோன் போட்டு வாங்கிய சாப்ட்வேர் அது. ஒரு சி.டி., பிரிண்டர் போர்ட்டில் சொருக ஒரு டோங்கிள், ஒரு லைசென்ஸ் தாள். அவ்வளவுதான் வந்தது.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஃபோர்மேன் அண்ணன் சொன்னார்: "தம்பி, அந்த சி.டி.க்கு ஒரு காப்பி போட்டு வச்சிருங்க. ஒண்ணு கெட்டா ஒண்ணு இருக்கும்."

"அண்ணே, அது லைசென்ஸ் சாப்ட்வேர். காப்பி அடிச்சா பைரசி. ஜெயில்ல போட்ருவான்."

"காசு குடுத்து வாங்குன பொருளுக்குமா?"

"ஆமாண்ணே."

அவர் எட்டாவது வரை படித்தவர். நான் பி.இ. கல்லூரியில் பைரசி ஒழிப்பு பற்றி ஒரு செமினார் கேட்டுவிட்டு வந்த சூடு இன்னும் ஆறவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று நான் சொன்ன பதில் தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நகல் எடுப்பது எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. ஆவூர் பழைய சேசுசபை மிஷன் ஊர். 1747ல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. வீரமாமுனிவர் அங்கே பணியாற்றினார் என்பதில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும், எந்த மதமானாலும், ஒரு பெருமை உண்டு. அவர் தேம்பாவணியை முடித்தது 1726ல். அது முழுதாக அச்சேறியது 1850களில், புதுச்சேரியில். நடுவில் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் அந்தக் காவியம் எதில் உயிரோடு இருந்தது? ஓலையில்தான். ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும். பழைய ஏடு நொறுங்குவதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். அதற்குப் 'படி' எடுத்தல் என்று பெயர்.

1816ல் சென்னையில் இருந்த எல்லிஸ் துரை, முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தெற்கே அனுப்பி வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிச் சேர்க்கச் சொன்னார். தேடிப் போனவருக்கு ஏடுகள் கிடைத்தன. ஆங்காங்கே யாரோ படி எடுத்து வைத்திருந்ததால்தானே கிடைத்தன? ஆனால் அந்த எல்லிஸ் துரையின் சொந்தக் கதையைக் கேளுங்கள். 1819ல் அவர் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்துபோனார். தமிழைப் பற்றி அவர் வருஷக்கணக்கில் எழுதி வைத்திருந்த காகிதங்கள் மதுரை கலெக்டர் பங்களாவில் கிடந்தன. சமையல்காரர் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் அவற்றை எடுத்து எடுத்துத் தீர்த்துவிட்டார் என்று வால்டர் எலியட் எழுதி வைத்திருக்கிறார். தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று எல்லிஸ் எழுதிய குறிப்பு மட்டும் 1816லேயே ஒரு தெலுங்கு இலக்கணப் புத்தகத்தின் முன்பகுதியாக அச்சாகியிருந்தது. அதனால் அது பிழைத்தது. அடுத்தவர் நூலுக்குப் படி தேடிய மனிதர் தன் காகிதங்களுக்குப் படி வைக்கவில்லை! எனக்கு அவர் மேல் கொஞ்சம் சொந்தம் உண்டு.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

சாப்ட்வேர் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே அதைக் காப்பி அடிப்பதும் தொடங்கிவிட்டது. 1975ல் ஆல்டேர் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேஸிக் மொழி, ஓட்டை போட்ட காகித நாடாவில் வந்தது. கலிபோர்னியாவில் பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் கூடும் கிளப்பில் அந்த நாடா கைக்குக் கை நகலானது. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் கோபத்தோடு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இதைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்பது அவர் புகார். அவர் கோபம் நியாயமானது. எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா? ஆனால் திருட்டு நகல், பாதுகாப்பு நகல் என்ற இரண்டும் ஒரே 'காப்பி' என்ற சொல்லுக்குள் மாட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். முப்பது வருஷம் கழித்து மாத்தூரில் நான் குழம்பியதும் அதே சொல்லில்தான்.

பிளாப்பி வந்தபோது கம்பெனிகளே காப்பி எடுக்கச் சொன்னார்கள். டாஸ் கையேட்டைத் திறந்தால் முதல் பாடமே அதுதான்: அசல் டிஸ்க்கின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி எழுத முடியாமல் செய், டிஸ்க்காப்பி கட்டளை கொடுத்து நகல் எடு, அசலைப் பத்திரமாக வைத்துவிட்டு நகலில் வேலை பார். காரணம் எளிது. ஐந்தேகால் அங்குல பிளாப்பி என்பது காந்தப் பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். விரல் பட்டால் போச்சு. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் போச்சு. நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தாலும் போச்சு.

பிறகு பூட்டுகள் வந்தன. 1983ல் வந்து உலகத்தையே கட்டிப்போட்ட லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாள் சாப்ட்வேரை ஓட்ட, அசல் டிஸ்க் டிரைவில் இருந்தே ஆக வேண்டும். வழக்கமான வழியில் நகல் எடுத்தால் ஓடாது. அதாவது, மிகவும் பத்திரமாக வைக்க வேண்டிய டிஸ்க்கைத்தான் தினமும் போட்டுத் தேய்க்க வேண்டும்! வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் லோட்டஸ் அந்தப் பூட்டைக் கைவிட்டது. இன்னொரு கதை நம் பக்கத்து நாட்டில். 1986ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ சாப்ட்வேரைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே ஒரு நிரல் எழுதியதாகச் சொன்னார்கள். அதற்குள் தங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வைத்திருந்தார்கள். அதுதான் 'பிரெய்ன்' வைரஸ். ஐ.பி.எம். பி.சி.க்களில் பரவிய முதல் வைரஸ் என்று பெயர் வாங்கியது. பூட்டுப் போடப் போய் ஊரெல்லாம் நோய் பரவிய கதை.

எல்லாக் கம்பெனியும் அப்படியில்லை. நம் கல்லூரி லேபில் நீல ஸ்கிரீனில் டர்போ சி போட்டு மண்டை காய்ந்தோமே, அந்த போர்லண்ட் கம்பெனியின் பழைய லைசென்ஸைப் பின்னாளில் தேடிப் படித்தேன். சாப்ட்வேரை ஒரு புத்தகம் போல நடத்து என்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இரண்டு பேர் உபயோகிக்க வாய்ப்பு இருக்கக் கூடாது, மற்றபடி எந்த மிஷினுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள், உன் முதலீட்டைக் காப்பாற்ற நகலும் எடுத்து வை என்று அனுமதிக்கிறது. வக்கீல் பாஷையே இல்லை. படித்தவுடன் புரிகிறது. மூன்று வருஷம் அந்த கம்பைலரை உபயோகித்தோம், ஒருவரும் இதைப் படிக்கவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவில் இதற்கென்று அமைத்த குழு 1978ல் அறிக்கை கொடுத்தது. 1980ல் பதிப்புரிமைச் சட்டத்தின் 117வது பிரிவு திருத்தப்பட்டு, நிரலின் பிரதியைச் சொந்தமாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக நகல் எடுக்கலாம் என்று ஆனது. எடுக்கலாம் சரி, பூட்டு இருந்தால்? அந்தக் கேள்வி 1988ல் லூசியானா பக்கத்து வழக்கு ஒன்றில் மேல் நீதிமன்றத்துக்கு வந்தது. வால்ட் என்ற கம்பெனி பூட்டுள்ள டிஸ்க் விற்றது. குவைட் என்ற கம்பெனி அந்தப் பூட்டை ஏமாற்றி நகலை ஓட்டும் சாப்ட்வேர் விற்றது. நியாயமான பாதுகாப்பு நகல் எடுக்கவும் அது பயன்படுகிறது, ஆகவே அதை விற்பது குற்றமாகாது என்று தீர்ப்பானது. ஐரோப்பாவில் 1991ல் ஒரு படி மேலே போனார்கள். உபயோகிக்கும் உரிமை உள்ளவருக்குத் தேவைப்படும் பாதுகாப்பு நகலை ஒப்பந்தம் போட்டுக்கூடத் தடுக்க முடியாது என்றார்கள்.

நம் நாட்டில் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கம்ப்யூட்டர் நிரல் நுழைந்தது 1984 திருத்தத்தில். பிறகு 1994ல் பெரிய திருத்தம் வந்தது. 1995 மே 10 முதல் அமல். அதில் 63-பி என்று ஒரு பிரிவு: திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகித்தால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. எங்கள் செமினாரில் ஸ்கிரீனில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டியது இதைத்தான். அதே திருத்தத்தில் 52வது பிரிவுக்குள் இன்னொரு சின்ன உட்பிரிவும் சேர்ந்தது. நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அந்தப் பிரதியிலிருந்து, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்புக்காக மட்டும், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே பயன்படுத்த, நகல் எடுத்துக்கொள்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. இதை யாரும் ஸ்கிரீனில் காட்டவில்லை. நான் ஃபோர்மேன் அண்ணனிடம் "ஜெயில்" என்று சொன்ன அன்று இந்தச் சட்டத்துக்குப் பதின்மூன்று வயது.

2010 தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஐப்பசி மழை. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நெஸ்டிங் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது. அப்புறம் அதுவும் இல்லை. பரவாயில்லை, புது டிஸ்க் போட்டு சாப்ட்வேரை மறுபடி ஏற்றிவிடலாம் என்று பீரோவைத் திறந்து சி.டி.யை எடுத்தேன். டிரைவ் சுற்றியது, திணறியது, துப்பிவிட்டது. நாலு டிரைவில் போட்டுப் பார்த்தேன். நாலும் துப்பின.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லேபிள் பக்கத்தில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டிப் பிறகு பிய்த்திருக்கிறார்கள். பிய்த்த இடத்தில் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்து, சி.டி.க்கு அந்தப்பக்கம் இருந்த டியூப்லைட் தெரிந்தது. நாமெல்லாம் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தைத்தான் கீறல் படாமல் பார்த்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் இருக்கிறது. தகவலைத் தாங்கும் உலோகப் படலம் லேபிளுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. பீரோவில் பூட்டி வைத்த அசலுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

விற்ற கம்பெனிக்குப் போன் செய்தோம். அதை வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. அந்தப் பதிப்புக்கு இனி சப்போர்ட் இல்லை, புதுப் பதிப்பு வாங்குங்கள், இத்தனை டாலர், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். டோங்கிள் கையில் இருந்தது. லைசென்ஸ் தாள் கையில் இருந்தது. சாப்ட்வேர்தான் இல்லை.

சாக்பீஸ், டேப், தகர டெம்ப்ளேட் என்று பழைய காலத்துக்குத் திரும்பினோம். ஃபோர்மேன் அண்ணன் தரையில் மண்டிபோட்டு பிளேட்டின் மேல் மார்க் செய்ய, கையால் கேஸ் கட்டிங். ஒரு நாள் வேலை நாலு நாள் இழுத்தது. ஸ்கிராப் மலையாகக் குவிந்தது. பன்னிரண்டாம் நாள் ஆர்டரில் பாதியைத் திரும்பப் பெற்று வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். காண்டிராக்டில் இருந்த ஒன்பது பேரைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களிடம் போய்ச் சொல்லும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். அவருக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும்.

பதினேழாம் நாள் விடிவு வந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு யூனிட்டில் அதே சாப்ட்வேர், அதே பதிப்பு. அங்கிருந்த டிராப்ட்ஸ்மேன் வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து, மேலே மார்க்கரில் தேதி போட்டுக் கவரில் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து ஏற்றி, எங்கள் டோங்கிளைச் சொருகினோம். ஓடியது. எங்கள் சொந்தப் பிரதியிலிருந்து எடுத்த நகல் இல்லையே, சட்டப்படி இது சரியா என்று வக்கீலைக் கேட்டால் அரை நாள் பேசுவார். எங்கள் சி.டி.யிலிருந்தே எடுத்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அது பத்து ரூபாய் வெற்று சி.டி., பத்து நிமிஷ வேலை.

ஃபோர்மேன் அண்ணனிடம் போய், "நீங்க அன்னைக்கே சொன்னீங்கண்ணே" என்றேன்.

"நான் எங்க தம்பி சொன்னேன்?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது படிக்கிற பிள்ளைகள் சிரிக்கலாம். சி.டி. டிரைவே இல்லாத லேப்டாப்பில் அல்லவா படிக்கிறீர்கள். ஆனால் பிரச்னை போய்விடவில்லை, வேறு வேஷம் கட்டியிருக்கிறது. 2001ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு 'ஆக்டிவேஷன்' பரவலாக வந்தது. இந்த ஏற்பாட்டில் நகல் இருந்தால் மட்டும் போதாது, தூரத்தில் இருக்கும் கம்பெனியின் சர்வரும் தலையாட்ட வேண்டும். அடோபி தன் சி.எஸ்.2 சாப்ட்வேருக்கான அந்த சர்வரை நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை 2013 தொடக்கத்தில் தானே கொடுத்தது. மெச்சத்தக்க காரியம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை 2014லிருந்து காசு கொடுத்து வாங்கியவர்கள், 2024 மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். 2013ல் அடோபியும் 2016ல் ஆட்டோடெஸ்க்கும் நிரந்தர லைசென்ஸிலிருந்து சந்தாவுக்கு மாறின. வாங்குவது என்பதே வாடகைக்கு இருப்பது என்று ஆகிவருகிறது. வாடகை வீட்டுக்கு எங்கே படி எடுப்பது?

பூட்டு உடைப்பதைப் பற்றி 2012 திருத்தத்தில் நம் நாட்டிலும் 65-ஏ என்ற பிரிவு வந்தது. அதில் உரிமையை மீறும் 'நோக்கத்தோடு' உடைத்தால் என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவின் 1998 சட்டத்தைவிட இது கொஞ்சம் இளகிய மனசு. பழைய 52வது பிரிவின் அனுமதியும் அப்படியே இருக்கிறது.

எனவே லேபிலோ சின்ன யூனிட்டிலோ பழைய சாப்ட்வேரை வைத்து வேலை செய்யும் நம் நண்பர்களுக்கு அனுபவத்தில் ஒன்றிரண்டு விஷயம். டிஸ்க்கில் உள்ள பைல்களை மட்டும் இழுத்துப் போடாமல், டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுங்கள். லைசென்ஸ் நம்பர், டோங்கிள் டிரைவர், எந்த விண்டோஸில் ஓடியது என்ற விவரம் எல்லாவற்றையும் அதே போல்டரில் வையுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அந்த நகலிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு தடவையாவது ஏற்றிப் பாருங்கள். சி.என்.சி. மிஷின் என்றால் கன்ட்ரோலின் பாராமீட்டர்களையும் எடுத்து வையுங்கள். பல கன்ட்ரோல்களில் அவை ஒரு சின்ன பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. மிஷின் ஆஃபில் இருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் மிஷினுக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும்.

நான் 2012ல் அந்த யூனிட்டை விட்டு வந்துவிட்டேன். போன பொங்கலுக்கு ஆவூர் போனபோது மாத்தூரில் இறங்கிப் பார்த்தேன். ஃபோர்மேன் அண்ணன் ரிட்டயர் ஆகி, மகன் வீட்டில் பேரப்பிள்ளையோடு இருக்கிறார். அதே கட்டிங் மிஷின் இன்னும் ஓடுகிறது. அதே எக்ஸ்.பி. கம்ப்யூட்டர், ஹார்டு டிஸ்க் மட்டும் மூன்றாவது. இப்போதிருக்கும் பையன் பீரோவைத் திறந்து பெருமையாகக் காட்டினான். மூன்று நகல்கள், தேதியோடு. முதல் கவரில் இருந்தது என் கையெழுத்து.

"டோங்கிளுக்கு என்னப்பா பண்ணியிருக்கே?" என்று கேட்டேன்.

"அதைக் காப்பி எடுக்க முடியாதே சார்" என்றான். கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கத்தில் சொருகியிருந்த அந்தப் பழைய டோங்கிள் கழன்றுவிடாமல் இருக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.